மரைக்கார் சொன்னதை நான் சொன்னேன்

போன வெள்ளிக்கிழமை குசினியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் என் மகள் கட்டிலில் குப்புறப் படுத்தபடி போனில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எனக்குத் தெரியவில்லை. திறந்திருந்த கதவு வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. முதலில் அலைச் சத்தம், பிறகு கிட்டார், பிறகு ஒரு பெண் மூச்சு வாங்க ஓடுகிற சத்தம். ஓர் ஆண் தாழ்ந்த குரலில் ஒரு மொழியில் ஏதோ கேட்டான். அவள் வேறொரு மொழியில் பதில் சொன்னாள். இருவரும் விளங்காமலே சிரித்தார்கள்.

"அவ இப்ப தண்ணில உழுவா," என்றேன் இங்கிருந்தே.

தொபுக்கென்று சத்தம் கேட்டது.

"உம்மா, நீங்க இந்தப் படம் பாத்திட்டீங்களா?"

"இல்ல."

"பொய். இது போன மாசம்தான் வந்த. சரியான வித்தியாசமான கதையாம். எல்லாரும் செல்றாங்க."

"அவர் பாஞ்சி தூக்குவாரு. கரையில வச்சி தலமயிர ஒதுக்கி விடுவாரு. இவ கண்ண முழிச்சி மொதல்ல இருமுவா."

மகள் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நியாயந்தான். வித்தியாசமான கதை பார்க்கிற பிள்ளைக்கு இப்படி ஓர் உம்மா இருக்கக்கூடாது.

ஆனால் இந்த விடயத்தில் எனக்குள்ள படிப்பை நீங்கள் குறைத்து நினைக்க வேண்டாம். வேறு வேறு நாட்டு ஆணும் பெண்ணும் காதலிக்கிற படங்கள்தான் என் இளமைக் காலத்தின் பெரும் பகுதி. நம் பக்கத்து ஆண் வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்தால், அவள் கடைசியில் சேலை கட்டி, பூ வைத்து, மாமியாரின் காலில் விழுவாள். வெள்ளைக்கார ஆண் நம் பக்கத்துப் பெண்ணைக் காதலித்தால், அவள் கடைசியில் சப்பாத்துப் போட்டு, பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்பாள். எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் மாறுகிறவள் பெண்தான். மொழி படிக்கிறவளும் அவள், உடுப்பு மாற்றுகிறவளும் அவள், வீட்டை விட்டுப் போகிறவளும் அவள். ஆணுக்கு இருப்பது ஒரே வேலை, ஒரு தடவை தண்ணீரில் பாய வேண்டும். இவ்வளவும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அந்த நாளில் நான் அந்த விமான நிலையத்தில் என்னையே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நிற முக்காடு என்பது வரைக்கும் முடிவு செய்திருந்தேன்.

கற்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு ஸீடீ போடுகிற பெட்டி வந்த காலம் அது. லீவு நாட்களில் பகல் சோற்றுக்குப் பிறகு யன்னல்களைச் சாத்திவிட்டுப் பாயில் இருந்து படம் பார்ப்போம். உம்மா பார்க்கக்கூடாத இடம் வந்தால் நான் போய் அலுமாரிக்கு முன்னால் நிற்பேன். தொலைக்காட்சி அதற்குள்தான் இருந்தது. கூடப் பார்க்க நஸ்ரியா வருவாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். அவளுடைய குடும்பம் மன்னார்க் கரையிலிருந்து, முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் ஊரை விட்டுப் போகச் சொன்ன அந்த வருடம், உடுத்த உடுப்போடு வந்தது. அப்போது அவள் உம்மாவின் இடுப்பில் இருந்தாளாம். முகாமில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, பிறகு கண்டக்குழியில் கடலுக்குப் பக்கத்தில் தென்னோலை முடைந்த ஒரு கிடுகு வீடு போட்டார்கள். அவளுடைய வாப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போவார்.

நஸ்ரியாவோடு படம் பார்ப்பது ஒரு சோதனை. கதாநாயகி மணலில் கையை விரித்துக்கொண்டு ஓடுகிற நேரம் இவள் கேட்பாள்: "இவக்கு வேல ஒண்டும் இல்லயா? காலத்தால இருந்து ஓடிக்கொண்டே இரிக்கா." அவன் அவளைத் தேடி ஊர் ஊராக அலைகிற நேரம் கேட்பாள்: "அப்ப இவருட வீட்ட யாரு சோறாக்குற?" இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிடுவாள். நான் அழுது முடித்து முகம் கழுவி வந்து அவளை எழுப்புவேன். "சேந்திட்டாங்களா?" என்று கேட்பாள். "சேந்திட்டாங்க." "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவாள்.

நாட்டில் சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் கண்டக்குழிக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பெரிய பட்டம் ஒன்றில் தங்களைக் கட்டிக்கொண்டு, பலகையில் நின்று கடலில் ஓடுகிற விளையாட்டு. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகத் திட்டி வந்த காற்றுக்காக அவர்கள் ஆகாயக் கப்பலில் ஏறி வந்தார்கள். கிடுகு வேய்ந்த கபானாக் குடில்கள் போட்ட ஒரு தங்குமிடத்தில் எனக்கும் நஸ்ரியாவுக்கும் வேலை கிடைத்தது. இங்கிலீசு தெரிந்த நான் முன்மேசையில். அவள் குசினியில். அந்த இடத்தின் வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஈர ரப்பர் உடுப்பு, உப்பு, தேங்காயெண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்துத் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட வெங்காயம்.

முன்மேசையில் இருந்தவளுக்கு வேலை குறைவு, நினைப்பு கூட. நானே ஒரு கதை கட்டினேன். படுக்கை விரிப்புகளை மடிக்கிற நேரம் நஸ்ரியாவிடம் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வருகிறார், மனதில் ஏதோ பெரிய துக்கம், யாரோடும் பேசுவதில்லை, ஒரு பெண்ணைக் காண்கிறார். நான் சொல்லி முடித்ததும் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி அவள் சொன்னாள்:

"இது போன கிழம பாத்த படந்தானே."

"இல்லடி. அதுல அவ மீன் விக்கிறவ. இதுல ஹோட்டல்ல முன்னுக்கு இரிக்கிறவ."

"ஓ," என்றாள். "அப்ப சரி."

அவர் வந்தது சோழகக் காற்று நன்றாக எழும்பிய ஒரு நாளில். போலந்து நாட்டுக்காரர், பெயர் மாரெக். கூட்டாளிகளோடு வந்தவர். வந்து கொஞ்ச நாளிலேயே பலகையிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். புத்தளம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கூட்டாளிகள் கடலுக்குப் போய்விட, இவர் என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருப்பார். மனதில் துக்கம் இருக்கிறதா என்று நான் நன்றாக உற்றுப் பார்த்தேன். இல்லை, பசிதான் இருந்தது. ஆனாலும் பேசினார். மழை எப்போது வரும், இந்த மரத்தின் பெயர் என்ன, பாங்கு சொல்கிறவரின் குரல் ஏன் சில நாளில் மாறுகிறது என்றெல்லாம் கேட்டார். நான் கண்ணுக்குச் சுர்மா போட்டுக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். உம்மா, "இண்டைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். "தூசி," என்றேன்.

அவர் தன் ஊரில் பேக்கரிக்காரர். எங்கள் காலைச் சாப்பாட்டுப் பாண் ரொட்டியை ஒரு நாள் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டியது போலக் கேட்டது. குசினியைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான்தான் கூட்டிப் போனேன். என் கையாலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டேன்.

நஸ்ரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மாதானே இரிக்காரு," என்று சொல்லி, வெங்காயக் கூடையை இழுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். ஒரு கத்தியும் கொடுத்தாள்.

வெங்காயம் உரிக்கிற வேலைக்குக் கற்பிட்டி வெங்காயத்தைப் போல் மோசமானது இல்லை. அந்த மனிதர் கன்னத்தில் வழிய வழிய அழுதார். நஸ்ரியா என்னைப் பார்த்து, "ஊட்டு நெனப்புப் போல. பாவம்," என்றாள். நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த நாளும் குசினிக்கு வந்தார். அதற்கடுத்த நாள் என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெறும் கதிரைதான், ஆனாலும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது கஷ்டமாக இருந்தது.

மாரெக் என்ற பெயர் குசினிக்குள் வந்தவுடன் மரைக்கார் ஆகிவிட்டது. "மரைக்கார்ட்ட தோல மெல்லிசா உரிக்கச் செல்லு. பாதி வெங்காயம் குப்பைக்குத்தான் போகுது." இதை நான் இங்கிலீசில் சொல்ல வேண்டும். அவர் ஏதாவது சொன்னால் தமிழில் சொல்ல வேண்டும். மேசையில் மணி அடித்தால் ஓடிப் போய் வந்து, விட்ட இடத்திலிருந்து சொல்ல வேண்டும். தொடக்கத்தில் உப்பு, மீன், அடுப்பு என்றுதான் கதை போனது. ஒரு நாள் அவர் கேட்டார். நான் சொன்னேன்:

"நீ தனிய இரிக்கக்குள்ள எதுக்குச் சிரிக்கிறண்டு கேக்கிறாரு."

"அவரு நொண்டி நொண்டி நடக்கிறதப் பாத்துத்தான். அப்பிடியே செல்லு."

அப்படியே சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். நான் பேசுகிற நேரம் அவர் என்னைப் பார்ப்பதில்லை. என் குரல் இங்கே வரும், அவருடைய கண் அங்கே இருக்கும். அவளுடைய கேலியை என் வாயிலிருந்து கேட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பார். சுர்மாவைப் பற்றி நான் இனிமேல் பேசமாட்டேன்.

எனக்குப் பொறாமை என்று சொன்னால் அது சின்னச் சொல். படம் பார்த்துப் பார்த்துத் தயாராகி, ஆங்கிலம் படித்து, முன்மேசையில் நான் இருக்க, படம் தொடங்கினால் தூங்கிவிடுகிறவளுக்கு இது நடந்தது. அதுவும் மீன் செதிளும் கையுமாக நின்றவளுக்கு. அவள் தலைமயிரை ஒதுக்கிவிட ஒரு மயிர்கூட வெளியே தெரியாது. அவள் ஒரு தடவையும் ஓடவில்லை, தண்ணீரில் விழவில்லை. அவரைப் பார்த்துத் தலை குனியவுமில்லை. எல்லாப் பிழையும் செய்தாள், ஆனாலும் நடந்தது.

கால் சுகமாகி அவர் ஊருக்குப் போனார். குசினி வாசலில் நின்று நன்றி சொன்னார். அவ்வளவுதான். நஸ்ரியா அன்றைக்கும் வெங்காயம் உரித்தாள். எனக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி. போகிறவர்கள் திரும்பி வந்தாலும் காற்றோடுதான் வருவார்கள், அடுத்த காற்றுக்குள் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேன்.

அவர் காற்று இல்லாத மாதத்தில் வந்தார். தங்குமிடம் மூடியிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. நானும் நஸ்ரியாவும் மெத்தைகளை வெயிலில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ஓட்டோ வந்து நின்றது. பட்டம் இல்லை, பலகை இல்லை, ஒரு பை மட்டும். நேரே எங்களிடம் வந்து, என்னைப் பார்த்து, நான் காற்றுக்காக வரவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கேட்டது, ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பிறகு அவர் சொன்னார்: அவள் இருக்கிற குசினியில் எனக்கு ஒரு மூலை தருவாளா என்று கேளுங்கள்.

நான் பார்த்த படங்கள் அத்தனையிலும் காதலைச் சொன்ன ஆண்கள் எல்லாரும் ஒன்றைத் தருவதாகத்தான் சொன்னார்கள். நிலவைத் தருவார்கள், உயிரைத் தருவார்கள், உன்னை இங்கிருந்து கொண்டு போகிறேன் என்பார்கள். குசினியில் ஒரு மூலை கேட்டவரை நான் எந்தப் படத்திலும் காணவில்லை. இவ்வளவு புதிதான ஒரு வசனம் என் காதில் விழுந்தது, ஆனால் அது எனக்கில்லை. என் வாயால் அதை இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு சொல்லைக் கொஞ்சம் தட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. குசினியில் வேலை கேட்கிறார் என்று சொன்னாலே கதை முடிந்தது. மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன்.

"காத்துக்கு வரல்லயாம். நீ இரிக்கிற குசினியில அவருக்கு ஒரு மூல தருவியாண்டு கேக்கிறாரு."

நஸ்ரியா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், நெடுநேரம். பிறகு மெத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"எங்கட வாப்பாட்ட வந்து கேக்கச் செல்லு. ஆனா நான் எங்கயும் போக மாட்டன். எங்கட வாப்பா ஒருக்கா ஊர உட்டுட்டு வந்தவரு. இன்னொருக்கா அவரால ஏலாது. அத மொதல்ல செல்லு."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய வீட்டு முற்றத்தில் வாப்பா ஒரு பக்கம், மாரெக் ஒரு பக்கம், நடுவில் நான். நஸ்ரியா உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாச்சா என்று கூப்பிடுகிற அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டே கேட்டார்:

"என்ட மகள எங்க கொண்டு போவீங்க?"

நான் சொன்னேன். மாரெக் யோசித்துப் பதில் சொன்னார். நான் அதைச் சொன்னேன்: "கொண்டு போக வரல்லயாம் சாச்சா. நீங்க வச்சிக்கொண்டா இங்கயே இரிக்கிறாராம்."

சாச்சா ஊசியை நிறுத்தினார். "இன்னொருக்கா கேளு. அவரு அப்பிடித்தான் சென்னாரா?"

"ஓம் சாச்சா."

"மார்க்கத்துக்கு வாரதண்டா மனசால வரணும். பொண்ணுக்காக வரப்படாது. அதச் செல்லு. அவசரம் இல்லண்டும் செல்லு."

அவர் அவசரப்படவில்லை. பள்ளி இமாமிடம் போய் வந்து, ஊரில் ஒரு சிறிய அறை எடுத்துத் தங்கி, கலிமாச் சொன்னார். காகிதத்தில் ஒரு நல்ல அரபுப் பெயர் எழுதினார்கள். யாரும் அதைக் கூப்பிடவில்லை, மரைக்கார்தான். நிக்காஹ் அன்று புதுச் சாரனில் அவர் தடுக்கித் தடுக்கி நடந்ததைப் பார்த்து ஊர்ப் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். உடுப்பு மாற்றியவரும் அவர், மொழி படித்தவரும் அவர், வீட்டை விட்டு வந்தவரும் அவர். நான் நஸ்ரியாவின் கைக்கு மருதாணி வைத்தேன். வடிவாகத்தான் வைத்தேன், அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

எனக்கும் அடுத்த வருடம் கலியாணம் ஆனது. புத்தளத்தில் கணக்கு வாத்தியார். நல்ல மனிதர். இந்த இரண்டு சொல்லையும் எழுதுகிற நேரமே பொறாமை ஒரு படி ஏறுகிறது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, வெளிச்சம் குறைவாக இருக்கிறதே, யன்னலைத் திறக்கலாமா என்பதுதான்.

மரைக்கார் வீட்டுக்குப் பின்னால் பாண் சுட ஒரு போறணை கட்டினார். ஊருக்குச் சாதாரணப் பாண், வெள்ளைக்காரருக்குத் தன் நாட்டுக் கறுத்தப் பாண். அவர் மாவுக்குள் நிற்பார். நஸ்ரியா முன்னுக்கு நாலு கபானா போட்டு, வருகிற ஆட்களைப் பார்த்து, ஸ்கூட்டியில் பாணையும் கொண்டு போய்க் கடைகளுக்குப் போடுவாள். அவள் வர அவர் தேத்தண்ணியோடு வாசலில் நிற்பார். நான் மாதத்தில் ஒன்றிரண்டு வெள்ளிக்கிழமை அங்கே போய்விட்டு, சூடான பாணோடு வீட்டுக்கு வந்து என் கணவரோடு கோபித்துக்கொள்வேன்.

"நான் என்ன செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்ல."

"பொறகு?"

"அதுதான்."

பாவம் அந்த மனிதர். கணக்கில் அவருக்கு விளங்காதது இது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை நஸ்ரியா ஏதோ சொல்ல, பழக்கத்தில் நான் மரைக்கார் பக்கம் திரும்பி இங்கிலீசில் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி, "வெளங்கிச்சி புள்ள. நான் பாத்துக்கிறன்," என்றார். அச்சு அசலாக நஸ்ரியா பேசுகிற இழுப்பு. அவர்களுக்கு இனி நான் தேவையில்லை என்று அன்றுதான் தெரிந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் முழுத் தூரமும் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு படம் எடுக்கிறவர் வந்து அவர்களிடம் தங்கினார். கதை கேட்டார். "அவள்ட்ட கேளுங்க, அவதான் எல்லாம் சென்னவ," என்று நஸ்ரியா என்னைக் காட்டிவிட்டாள். நான் வெங்காயத்திலிருந்து வலையூசி வரைக்கும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, இதில் ஆபத்து எங்கே, யார் எதிர்த்தார்கள் என்றார். பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை என்றேன். மரைக்கார் அவளைக் காப்பாற்றினாரா என்றார். இல்லை, அவள்தான் அவருக்கு வேலை கொடுத்தாள் என்றேன். அவருடைய முகம் விழுந்துவிட்டது. நீங்கள் இதில் யார் என்று கேட்டார். நடுவில் நின்று சொன்னவள் என்றேன். சிரித்தார்.

படம் வந்தது. நஸ்ரியாவின் வீட்டு மண்டபத்தில் மடிக்கணினியை ஸ்டூலில் வைத்து நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கதாநாயகன் சட்டை இல்லாமல் கடலிலிருந்து எழுந்து வந்தான். மரைக்கார் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இது ஆரு?" என்று கேட்டார். கதாநாயகி முக்காட்டைக் கழற்றிக் காற்றில் விட்டுவிட்டு ஓடினாள், தண்ணீரில் விழுந்தாள், அவன் பாய்ந்தான். அவளுடைய வாப்பா கத்தியோடு துரத்தினார். சாச்சா அதைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து தொழப் போய்விட்டார். கடைசியில் விமான நிலையம்.

என்னையும் வைத்திருந்தார்கள். ஹோட்டலில் முன்மேசையில் இருக்கிற தோழி. தடித்த பெண், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். கதாநாயகனைக் கண்டால் கதவில் முட்டிக்கொள்வாள். அவன் சொன்னதை மாற்றி மாற்றிச் சொல்லிக் குழப்பம் செய்வாள். பொறாமையில் வாப்பாவிடம் காட்டிக் கொடுப்பவளும் அவள்தான். கடைசியில் ஒரு சமையல்காரரைக் கட்டிக்கொடுத்து அவளை முடித்துவிட்டார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பக்கத்தில் பார்த்தேன். நஸ்ரியா தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன், தூங்கவில்லை.

குசினியில் கோப்பை கழுவுகிற நேரம் சொன்னாள்: "அந்தப் படத்துல ஒண்டு மட்டுந்தான் சரி. தோழிக்குப் பொறாம."

சவர்க்கார நுரைக்குள் என் கை நின்றுவிட்டது. "ஒனக்குத் தெரியுமா?"

"மொதல்லயே தெரியும். அவரு செல்றத நீ செல்லக்குள்ள ஒன்ட கொரல் மாறும்."

அவள் ஒரு கோப்பையைத் துடைத்து வைத்தாள்.

"அவரு தமிழ் படிச்ச பொறகு ஒரு நாள் கேட்டன். அண்டைக்கு மெத்த காயப்போட்ட நேரம் என்ன சென்னண்டு திரும்பச் செல்லச் சென்னன். நீ சென்னதும் அவரு சென்னதும் ஒண்டுதான். ஒரு சொல் கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. பொறாமயோட அப்பிடிச் சென்னவ நீ. அத அவங்களுக்கு எடுக்கத் தெரியல்ல."

என்னைப் பற்றி யாரும் அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான். இப்படிப் பார்க்கத் தெரிந்தவளாகவும் அவளே இருக்க வேண்டுமா?

நாட்டில் மாவும் சமையல் காஸும் இல்லாமற்போன அந்த வருடம் போறணை அணைந்தது. பெற்றோலுக்குக் கிடந்த வரிசையைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வரவில்லை. அங்கே போலந்தில் மரைக்காரின் உம்மா படுக்கையில் விழுந்தார், பார்க்க யாருமில்லை. கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொன்னார்கள். கண்டக்குழி வெயிலில் ஒரு தடித்த குளிர்ச்சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு, தன் சின்ன மகளையும் பிடித்துக்கொண்டு நஸ்ரியா வேனில் ஏறினாள். எங்கயும் போக மாட்டன் என்றவள். நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம்.

இப்போது அவள் அந்த ஊர்ப் பாஷை பேசுகிறாள். தடித்த சப்பாத்துப் போடுகிறாள். அந்தப் படம் எடுத்தவர் கேட்டால் சந்தோஷப்படுவார். என்னால் முடியவில்லை. இத்தனை காலம் அவள் ஒருத்தியாவது எந்தப் படத்திலும் இல்லாத ஒரு கதையாக இருக்கிறாள் என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பனியில் எடுத்த படம் அனுப்புகிறாள். அழகாகத்தான் இருக்கிறது. பொறாமை வருமா என்று உற்று உற்றுப் பார்க்கிறேன். வரவில்லை.

அந்தத் தங்குமிடம் இருந்த இடத்தில் இப்போது கொங்கிறீட்டில் மாடி எழும்பியிருக்கிறது. கிடுகைக் காணவில்லை. நாங்கள் படம் வாங்கிய ஸீடீக் கடை போன் கடையாகிவிட்டது. போன கிழமை அங்கே ஒரு வெள்ளைக்காரன் தன் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுப் போனைக் கடைக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினான். அது ஒரு பெண் குரலில் தமிழ் பேசியது. சொல் எல்லாம் சரி. ஒரு இடத்திலும் குரல் மாறவில்லை.

வெங்காயம் உரித்த அன்று பின்நேரம் சாச்சாவைப் பார்க்கக் கண்டக்குழிக்குப் போனேன். மனைவி மவுத்தாகிக் கனகாலம். கூடவந்து இருக்கச் சொல்லி மகள் கேட்கிறாள், இவர் மாட்டேன் என்கிறார். போறணையின் கல்லெல்லாம் சரிந்து கிடக்கிறது. அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், போனில் மகள் பேசுவது சரியாகக் கேட்பதில்லை. என்ன சொன்னாள் என்று என்னிடம்தான் கேட்பார். நான் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள், குளிர் குறைந்துவிட்டது, உங்களுக்குச் சலாம் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு என் கணவர் சுகமா என்று கேட்டார், மகளைக் கேட்டார், என் வாப்பாவைக் கேட்டார். வாப்பா நேற்றும் வீட்டுக்கு வந்து சோற்றில் உப்பில்லை என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார் என்றேன்.

சாச்சா கடல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

"ஒன்ட வாப்பா குடுத்து வச்சவரு புள்ள," என்றார்.

என்னிடம் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பார்த்து யாராவது ஆசைப்பட வேண்டும் என்று எத்தனை வருடம் நினைத்திருப்பேன். அவர் குடித்து முடித்த கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். கழுவுவதற்கு அங்கே அந்த ஒன்றுதான் இருந்தது.